மலைக்கு ஏது முறை

நல்லமுத்தன்பட்டிக்காரர்களுக்கு வானத்தில் ஒரு கண்மாய் கிடைத்த வருஷம், அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று சொன்னால் முதலில் சிரிப்பு வரும், கொஞ்சம் யோசித்தால் காறித் துப்பத் தோன்றும். துப்புகிறவர்கள் தாராளமாகத் துப்பிக்கொள்ளலாம், ஒச்சம்மாளும் அதைத்தான் செய்தாள், அதுவும் ஊர்க்கூட்டத்துக்கு நட்ட நடுவில் நின்று செய்தாள்.

கூகைமலையின் அடிவாரத்தில் இருக்கிற அந்த ஊருக்குச் சாமி, கட்சி, சொந்தபந்தம் எல்லாம் அப்புறம்தான், முதலில் முறை. பெரிய கண்மாயின் தண்ணீர் இன்ன நாள் இன்ன வயலுக்கு என்று பூட்டன் காலத்திலேயே பிரித்து வைத்தது; முறை வந்தவர் காலையில் மடைக்கல் மேல் ஏறி நின்று, தன் பெயரையும் தண்ணீர் போய்ச் சேரவேண்டிய இடத்தின் பெயரையும் ஊருக்கே கேட்கும்படி கூவ வேண்டும், கூவிய பிறகுதான் மடைப்பலகை மேலே ஏறும். ஒருவர் முறை நடக்கும்போது இன்னொருவர் வாய்க்காலிலோ முறைக்காரர் மேலோ கை வைத்தால் அவர் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். தன் முறையை வேறொருவருக்குக் கூவிக் கொடுத்துவிட்டால் அது அத்தோடு போச்சு, பேரன் காலத்திலும் திரும்பக் கேட்க முடியாது. முறை உள்ளவர் மனுஷர், இல்லாதவருக்குக் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. இப்படி ஒரு வழக்கத்தை வைத்திருப்பதில் அந்த ஊருக்கு இருந்த பெருமை, வேறு எதற்கும் பெருமைப்பட வழியில்லாதவர்களின் பெருமை.

ஒச்சம்மாளுக்கு இரண்டு முறை, இரண்டும் ஒரே நாளில். ஒன்று அவள் அப்பன் கொடுத்த கீழ்மடை வயலோடு வந்தது. மற்றது தம்பி காசிமாயனுடையது. அவன் மலை மேல் மேப்பாறைக் குடியிருப்பில் செவந்தி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, இலவ மரம் வைத்துப் பஞ்செடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிய அன்றைக்கு, மடைக்கல்லில் ஏறித் தன் முறையை அக்காள் பேருக்குக் கூவிவிட்டுப் போனான். கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, கொடுத்தவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள் ஒச்சம்மாள். முறையை விட்டுவிட்டு மலையேறுகிறவனும் ஒரு ஆம்பளையா என்பது அவள் கேள்வி. புருஷன் செத்த பிறகு, பிள்ளையும் இல்லாத வீட்டில், இரட்டை முறைக்காரி என்ற அந்த ஒரு பேரை வைத்துக்கொண்டுதான் அவள் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்தாள், தன்னைவிட முறை குறைந்தவர்களைப் பார்க்கும்போது தாடையைக் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்த்தினாள்.

அந்தப் பங்குனியில் கூகைமலையில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று ஊரில் கேட்டால் மூங்கில் உரசிப் பிடித்தது என்பார்கள். காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் மழைக்குப் பிறகு மாட்டுக்கு இளம்புல் கிடைக்கும் என்று வருஷா வருஷம் தீப்பெட்டியும் கையுமாக மேலே போய்வருகிறவர்கள் யார் யார் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும், ஆனால் மூங்கில் வாயைத் திறந்து மறுக்கப் போவதில்லை என்பதால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். இந்தத் தடவை தீ புல்லோடு நிற்காமல் இலவந்தோப்புகளுக்குள் நுழைந்தது. காய் வெடித்துப் பஞ்சு பிதுங்கி நிற்கிற பருவம். பற்றிய பஞ்சு காற்றில் கிளம்பி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பறந்து போய்ப் பற்ற வைத்தது. வனத்துறை ஆட்கள் பத்துப் பேர் பச்சைத் தழைக் கொப்புகளை வைத்துக்கொண்டு தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஊரிலிருந்து ஒரு ஆள் ஏறவில்லை, ஆனால் ஹெலிகாப்டர் வருகிறது என்று தெரிந்ததும் கண்மாய்க்கரையில் நிற்க இடமில்லை, முறுக்கு விற்கிறவன்கூட வந்துவிட்டான்.

ஹெலிகாப்டர் வந்தது. வயிற்றிலிருந்து நீளக் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு வீட்டுக் கிணறளவு பெரிய ஆரஞ்சு நிற வாளி. கண்மாய் நடுவில் தாழ்ந்து நின்று, தண்ணீரைச் சுற்றிலும் சிதறடித்துக்கொண்டு, வாளியை முக்கி எடுத்துக்கொண்டு மலையைப் பார்க்கப் பறந்தது. தோப்புகள் எரிகிற சரிவை நோக்கிப் போய் வாளியின் வாயைத் திறந்தார் விமானி. தண்ணீர் வெளியே வந்தது, ஒரு தென்னை உயரம் இறங்கியது, அங்கேயே நின்றுகொண்டது.

விமானி திரும்பி வந்து அடுத்த வாளி எடுத்துப் போய் ஊற்றினார், அதுவும் முதல் வாளித் தண்ணீரோடு சேர்ந்து நின்றது. மறுபடி வந்தார், மறுபடி எடுத்தார், மறுபடி ஊற்றினார், அதுவும் நின்றது. பொழுது சாய்வதற்குள் அது ஊர்ப்பக்கமாகப் பரவி, ஊருக்கும் மலைக்கும் நடுவே ஆகாயத்தில் ஒரு குளமாகச் சேர்ந்துவிட்டது. கெண்டையும் ஜிலேபி மீனும் வெள்ளை வயிறு தெரிய அதில் நீந்தின, பாசி அசைந்தது, யாரோ எந்தக் காலத்திலோ தொலைத்த ஒற்றைச் செருப்பு ஒன்று மெதுவாகச் சுற்றி வந்தது. அதற்கு அந்தப் பக்கம் தீ தன்பாட்டுக்கு எரிந்தது.

ஊர் வியந்து நின்றது ஒரு டீ ஆறுகிற நேரம். அதற்குப் பிறகு மேல்மடைக்காரர் ஒருவர் கேட்டார், "இது யாரு முறைத் தண்ணி?" கீழ்மடைக்காரர்கள் எங்களோடது என்றார்கள், மேல்மடைக்காரர்கள் எங்கள் பக்கம் நின்றுதானே வாளி முக்கினான் என்றார்கள், தலைக்கு மேலே ஒரு குளம் நிற்க, கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி, தண்ணீர் ஊற்றப்பட்டது என்று மேலிடத்துக்குச் சொன்னார். ஊற்றிய தண்ணீர் விழுந்ததா என்று மேலிடம் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிற கெட்ட பழக்கம் அவருக்கும் கிடையாது.

மறுநாள் காலையில் விமானியே கரைக்கு நடந்து வந்தார். வடக்கத்திக்காரர், கண் இரண்டும் புகையில் சிவந்து கிடந்தன. "தண்ணி வேணும். இன்னும் நிறைய. வெயிட் ஜாஸ்தி ஆனா விழும், நான் நினைக்கிறேன்" என்றார், தெரிந்த தமிழில்.

பஞ்சாயத்துத் தலைவர் மொக்கராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எதையும் முடிவு செய்யாமல் எல்லோரையும் சம்மதிக்க வைப்பதில் கெட்டிக்காரர், அதனால்தான் மூன்று தடவை ஜெயித்தவர். "நேத்தே எம்புட்டோ அள்ளிட்டீக. எங்க முறைக்காரவுகளுக்குப் பயிரு நிக்குதுல்ல. அவுக சொல்லட்டும்" என்று கூட்டத்தைப் பார்த்தார்.

கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவள் ஒச்சம்மாள். அவள் வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம், இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும், அடுத்த நாள் அவள் முறை. மலை என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது தம்பிதான், தம்பி என்றதும் வாயில் வந்தது இதுதான்: "மலைக்கு ஏது முறை? முறை வேணாம்னு போனவய்ங்களுக்குத் தண்ணி மட்டும் வேணுமாக்கும்!"

ஊர் கைதட்டிச் சிரித்தது. இப்படி ஒரு கேள்வி தங்களுக்குத் தோன்றவில்லையே என்று பலருக்கும் வருத்தம். விமானி அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி இங்கிலீஷில் இரண்டு வார்த்தை முணுமுணுத்தார். விமானி மலையை ஒரு தரம் பார்த்தார், சிரித்துக்கொண்டு நின்ற ஜனங்களை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வெட்கப்படுகிற ஆள் அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, ஒச்சம்மாளும் இல்லை. தண்ணீர் நிற்கிற வானத்தில் பறப்பதற்கு விதியில் இடமில்லை என்று மத்தியானத்துக்குள் உத்தரவு வந்து, ஹெலிகாப்டரும் போய்விட்டது.

அது போய்க் கொஞ்ச நேரத்தில் ஒச்சம்மாளின் போன் அடித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"அக்கா, காசி பேசுறேன். வச்சுறாதக்கா."

அவள் வைக்கவில்லை.

"தோப்பு பூராம் போச்சு. ஒத்தையடிப் பாதையும் அடைஞ்சு போச்சு, எங்கிட்டும் எறங்க முடியல. குடியிருப்பு மொத்தமும் மேப்பாறை மேல ஏறி ஒக்காந்துருக்கோம், பின்னாடி கிடுகிடு பள்ளம். பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுதுக்கா. நேத்து ஹெலிகாப்டர் வந்துச்சே, இன்னைக்கு ஏன் வரல? ஊர்ல எதும் சொன்னாய்ங்களா?"

"வரும்டா. வந்துரும்டா காசி" என்றாள். போன் கட்டானதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடுப்படியில் கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் சொன்னது அவள் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது, கைதட்டலும் சேர்ந்து கேட்டது.

பிறகு எழுந்து தெருவுக்கு ஓடினாள். தெருவில் திருவிழா நடந்துகொண்டிருந்தது.

குளத்து நிழல் விழுந்த மேலத்தெருக்காரர்கள் கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுக் கால் மேல் கால் போட்டுக் கிடந்தார்கள், நிழல் தங்களுக்கு மட்டும்தான் என்று கீழத்தெருக்காரர்களை விரட்டினார்கள், பூசாரி அதற்குள் ஆகாயக்கன்னி என்று ஒரு சாமியைக் கண்டுபிடித்துக் கீற்றுக்கொட்டகை போட்டு உண்டியலும் வைத்துவிட்டார், இளவட்டங்கள் குளம் பின்னால் தெரிய முகத்தைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள், படத்தில் புகை விழுகிறது என்று சலித்துக்கொண்டார்கள், டி.வி.க்காரர்கள் மைக்கை நீட்டி எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்க ஊரே வரிசையில் நின்று உணர்ந்தது, கல்யாணத்துக்கு நாள் குறித்த இரண்டு வீட்டார் முகூர்த்தத்தைக் குளத்துக்கு அடியில் வைத்துக்கொள்வதாக முடிவு செய்தார்கள், கண்மாய் மீனைக் குத்தகை எடுத்திருந்த சுருளிவேல் மேலே நீந்துவதும் தன் மீன்தான் என்று தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறி மூங்கிலில் வலை கட்டித் துழாவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்மடையா மேல்மடையா என்பது தீர்கிற வரைக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் கீழே விழக்கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்து, விழாமல் பார்த்துக்கொள்ளக் கையில் கம்போடு இரண்டு பேரைக் காவலுக்கும் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள், கழுத்து வலித்தபோது மாற்று ஆள் கேட்டார்கள்.

ஒச்சம்மாள் மொக்கராசுவைப் பிடித்தாள். அவர் மறுநாள் வரப்போகும் மந்திரிக்கு வரவேற்பு வளைவு கட்டுகிற வேலையில் இருந்தார்.

"அண்ணே, என் தம்பி பாறையில உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கான். செவந்தி, பிள்ளைக, மேப்பாறை சனம் அம்புட்டும் மேல கெடக்கு. ஹெலிகாப்டரக் கூப்புடுங்கண்ணே. அந்தத் தண்ணிய எறக்க வழி பாருங்க."

"ஏத்தா, காலையில மலைக்கு ஏது முறைன்னு கேட்டது நீதான? டி.வி.யில போட்டுருக்கான், பாத்தியா?"

"தெரியாமக் கேட்டுட்டேண்ணே."

"தெரிஞ்சு கேட்டியோ தெரியாமக் கேட்டியோ, கேட்டது சரியான கேள்வி. நாளைக்கு மந்திரி குளத்தப் பாக்க வர்றாரு. அவரு வந்துட்டுப் போகட்டும், பெறகு மலையப் பத்திப் பேசுவோம்."

"அதுக்குள்ள அவன் வெந்துருவான்."

"அபசகுனமாப் பேசாத. நல்ல காரியம் நடக்குற எடம்" என்றார் மொக்கராசு. வளைவு கோணலாக நிற்கிறது என்று ஆட்களைத் திட்டிக்கொண்டே போய்விட்டார்.

சுருளிவேலிடம் போனாள். எறங்குனா என் மீனுக்கு யாரு பதில் சொல்றது என்றான். பூசாரியிடம் போனாள். சாமி நிக்கணும்னு நெனைக்குது, நாம யாரு எறக்க என்றார். தன்னோடு வயல் வேலை செய்கிற பெண்களிடம் போனாள். அவர்கள் பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டே அண்ணாந்து மீனைக் காட்டினார்கள். அத்தனை பேரையும் அவள் மனதுக்குள் வைதாள், வையும்போதே தெரிந்தது, காலைவரை இவர்கள் எல்லோரையும்விடத் தான்தான் முழு நல்லமுத்தன்பட்டிக்காரி என்று. அது அவளுக்குத் தாங்கவில்லை.

விடிந்தது. காசிமாயன் போனை எடுக்கவில்லை. ஒச்சம்மாள் முறைக்காரி என்பதால் வழக்கம்போல மடைக்கல்லுக்கு வந்தாள். கரை நிறையக் கூட்டம், மந்திரியின் வளைவு, மேளக்காரர்கள். கீழே அவள் வயல், தலை சாய்ந்த இளங்கதிர், நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மடைப்பலகையைத் தூக்குகிற ஆள் கடப்பாரையோடு தயாராக நின்று, "கூவுத்தா, வெரசா. மந்திரி வந்துருவாரு" என்றான்.

அவள் கல் மேல் ஏறினாள். ஏறி நின்று வாயைத் திறந்தவள், வயலைப் பார்க்காமல் மேலே பார்த்தாள். குளம் அசையாமல் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தத் தண்ணீரைப் பெயர் சொல்லிக் கூவாமல், இடம் சொல்லிக் கூவாமல், இதற்கு முன் யாரும் எங்கேயும் அனுப்பியதில்லை. வாளியில் அள்ளிப் போன மனுஷர் வெளியூர்க்காரர், அவருக்கு நம்முடைய வழக்கம் என்ன தெரியும், அள்ளினார், ஊற்றினார். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்களோடு பழகி அவர்கள் குணமே ஏறிப்போன தண்ணீர், யார் முறை என்று யாராவது சொல்லட்டும் என்று காத்து நிற்கிறது.

"காசிமாயன் முறை!" என்று கூவினாள் ஒச்சம்மாள். "மேப்பாறைக்கு!"

குளம் ஒரு தரம் குலுங்கியது. அதில் பாதி பிரிந்து, மேய்ச்சலுக்குக் கிளம்பிய மாட்டுமந்தை மாதிரி அவசரமில்லாமல் மலையைப் பார்க்க நகர்ந்தது. கரையில் மேளம் நின்றது. தண்ணீர் சரிவைத் தாண்டி, புகையைத் தாண்டி, மேப்பாறைக்கு நேரே போய் அதைச் சுற்றிலும் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்க நேரமானது, வெள்ளைப்புகை கிளம்பியதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

"ஏய், அவளக் கல்லுலருந்து எறக்குங்கடா!" என்று கத்தினான் சுருளிவேல். இரண்டு பேர் ஓடினார்கள், கல்லுக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டார்கள். முறை நடக்கும்போது முறைக்காரியைத் தொடக்கூடாது. அந்த ஊரின் கேடுகெட்ட வழக்கம் அதன் வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தது அப்போதுதான்.

மொக்கராசு மட்டும் கிட்டே வந்து, குரலைத் தணித்துப் பேசினார். "ஒச்சம்மா, பொறுத்தா. போனது அவன் தண்ணி, அவனுக்கே குடுத்துட்ட, சரி. மிச்சம் நிக்கிறது போதும், மந்திரிக்குக் காட்டிருவோம். உன் முறைய வயலுக்குக் கூவு. அதையும் விட்டுட்டேன்னா பெறகு உனக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு? யோசி."

யோசித்தாள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் கொடுமை. அப்பன் கையைப் பிடித்து முதன்முதலாக இதே கல்லில் ஏற்றிக் கூவச் சொல்லிக் கொடுத்தது, தான் கூவியதும் தண்ணீர் கிளம்பி வந்தது, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அவளுக்கு வாழ்க்கையில் வேறொன்றும் கிடைத்ததில்லை. மலைச்சரிவில் மேல்பாதி இன்னும் சிவப்பாக எரிந்தது. இந்த ஈரம் காய்ந்ததும் அது பாறைக்குத் திரும்ப வரும்.

"ஒச்சம்மா முறை!" என்றாள். மூச்சை இழுத்து மறுபடி கூவினாள். "ஒச்சம்மா முறை! மலைக்கு!"

மிச்சக் குளமும் போனது. பாசி, செருப்பு, மீன் ஒன்று விடாமல் எல்லாம் போய், கூகைமலையின் மேல்சரிவு முழுக்க விழுந்தது. காவலுக்கு நின்ற இரண்டு பேரும் கம்பை ஓங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார்கள்.

ஒச்சம்மாள் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மடியில் கிடந்த போன் அடித்தது.

"அக்கா!" காசிமாயன் இருமினான், சிரித்தான், மறுபடி இருமினான். "மீனா விழுகுதுக்கா! பாறை பூராம் கெண்டை துள்ளுது! பிள்ளைக பொறக்கிக்கிட்டுத் திரியுதுக!"

அவள் அழுதாள். அத்தனை பேர் முன்னால், மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள்.

மந்திரி வந்தார். வளைவு வழியாக நடந்து வந்து வெறும் வானத்தைப் பார்த்தார். "இங்கிட்டுத்தான்யா நின்னுச்சு" என்று மொக்கராசு கையைக் காட்டினார். மந்திரி அந்த இடத்தை நல்லபடியாகப் பார்த்துவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு, இந்த அதிசயம் தங்கள் ஆட்சியில் நடந்தது என்று பேசிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். பாறையில் இருந்தவர்கள் பிழைத்தார்களா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. சுருளிவேல் மீனுக்கு நியாயம் கேட்டான், பூசாரி சாமியைக் கலைத்த பாவம் ஊரைச் சும்மா விடாது என்றார், மேலத்தெருக்காரர்கள் நிழல் போச்சே என்று மாரடித்தார்கள், கீழ்மடையும் மேல்மடையும் அவ்வளவு சண்டை போட்டவர்கள் இப்போது ஒரே குரலில், ஊர்த்தண்ணீரை மலைக்குக் கொடுத்தவளுக்கு இனி ஊரில் முறை கிடையாது, முறை இல்லாதவளுக்குக் கூட்டத்தில் பேச்சும் கிடையாது என்றார்கள்.

பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள். ஒச்சம்மாள் நடுவில் வந்து நின்று, சுற்றி இருந்த அத்தனை முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்து, தொண்டையைக் காறி, தரையில் துப்பினாள். துப்பிவிட்டு வீட்டுக்குப் போய், ஒரு குண்டானையும் இரண்டு சேலையையும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறினாள். அவள் கதிர் நின்ற வாக்கிலேயே கருகியது.

ஐப்பசியில் நல்ல மழை. மலையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது, அடிவாரத்தில் வீட்டுக்கூரை ஒழுகியது, ஆனால் பெரிய கண்மாயை நிரப்புகிற மலை ஓடை வந்து சேரவில்லை. கரையில் நின்று பார்த்தார்கள், வரவில்லை. பூசாரி மேளம் கொட்டிப் பார்த்தார், வரவில்லை. ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அங்கேயும் ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் மொக்கராசு, சுருளிவேல், மடைக்கு இரண்டு பேர் என்று ஒரு கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறியது. அவர்களில் பாதிப் பேருக்கு ஓடை எங்கே பிறக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

மேப்பாறைக்குக் கொஞ்சம் மேலே, தீயில் வெந்த மூன்று பெரிய மரங்கள் ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. தண்ணீர் தடுமாறித் திரும்பி, எரிந்த சரிவு முழுக்கப் பரவி ஓடிக்கொண்டிருந்தது. கரி மண்ணில் அங்கங்கே பச்சை எழும்பியிருந்தது. ஒச்சம்மாளும் காசிமாயனும் சேலையையும் வேட்டியையும் தூக்கிச் செருகிக்கொண்டு இலவங்கன்று ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு ஆளு போதும். மரத்தத் தூக்கி ஓரமாப் போட்டா ஓடை வந்துரும்" என்றான் சுருளிவேல். சொல்லிக்கொண்டே மரத்துக்குப் போனான்.

"தொடாத" என்றாள் ஒச்சம்மாள், கன்றிலிருந்து கையை எடுக்காமல். "மலைக்கு முறை நடக்குது."

சுருளிவேலின் கை அந்தரத்தில் நின்றது. திரும்பி மொக்கராசுவைப் பார்த்தான். மொக்கராசு மடைக்காரர்களைப் பார்த்தார். மடைக்காரர்கள் மரத்தைப் பார்த்தார்கள். ஒரு உதை விட்டால் உருண்டுவிடும் மரம்தான். அவர்கள் வீட்டில் பெண் எடுக்கணும், பெண் கொடுக்கணும்.

"எப்பத்தா முடியும்?" என்று கேட்டார் மொக்கராசு. தேர்தல் நேரத்தில்கூட அவர் குரல் அவ்வளவு கனிந்து யாரும் கேட்டதில்லை.

"மலைகிட்டல்ல கேக்கணும்? கூவிக் குடுத்தது குடுத்ததுதான். திரும்பக் கேக்கக் கூடாதுன்னு உங்க பூட்டன்தான வச்சாரு."

மரத்தைச் சுற்றித் தண்ணீர் சலசலத்துக்கொண்டு போனது. செவந்தி குடிசையிலிருந்து தட்டில் கடுங்காப்பி கொண்டு வந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மொக்கராசு தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, ஓடையைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார்.

"குடிங்கண்ணே" என்றாள் ஒச்சம்மாள். "ஒரு தம்ளருக்கெல்லாம் மலை முறை கேக்காது."